தெருவில் வாங்கிய அடியைத் தெருவிலேயே திருப்பிக் கொடுப்பது பற்றி

கேள்வி (ஒரு வாசகர், கடலூர் முதுநகர்)
8 பிப்ரவரி 2025

என் தம்பிக்கு இருபது வயது. முந்தாநாள் டீக்கடையில் வைத்து பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். பைக் உரசிய தகராறுதான். ஸ்டேஷனுக்குப் போனோம், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தம்பியின் கூட்டாளிகள் "நாமளே பார்த்துக்கலாம்" என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருஷம் ஆகுமோ. திரும்ப ஒரு அறை கொடுத்தால் கணக்கு முடிந்தது. இதில் என்ன தப்பு?

8 பிப்ரவரி, இரவு

நான் கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த இணைய இழையில் நீங்களும் மற்றவர்களும் எழுதுவதற்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். வளர்ந்தது முதுநகரில். அதனால் உங்கள் டீக்கடை எது என்று தெரியாவிட்டாலும் அங்கே யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியும்.

தப்பா சரியா என்பதை அப்புறம் பேசலாம். முதலில் தம்பியை சிதம்பரத்திலோ பண்ருட்டியிலோ சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் விடுங்கள். பயந்து ஓடிட்டான் என்று கூட்டாளிகள் பேசுவார்கள். வேலை விஷயமாக அனுப்பியிருக்கிறோம் என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அரசு தலைமை மருத்துவமனையில் காட்டாமல் இருந்தால் நாளைக்கே காட்டி ஏ.ஆர். (அடிபட்டு வருபவரின் காயத்தை டாக்டர் எழுதும் பதிவு) போடச் சொல்லுங்கள். காது வலிக்கிறது என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். அறையில் செவிப்பறை கிழிந்து, அது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கூட்டாளிகளில் யார் அதிகம் பேசுகிறான் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவனுக்கு அந்தப் பக்கத்தோடு சொந்தக் கணக்கு ஏதாவது இருக்கும்.

9 பிப்ரவரி

ஸ்டேஷனில் ஏன் வெறும் ரசீதோடு அனுப்பினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். "காசு வாங்கியிருப்பான்" என்று ஒருவர் பதிலும் போட்டுவிட்டார். இருக்கலாம், ஆனால் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. கையால் அடிப்பது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 323, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 115(2). ஒரு வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அது மட்டும் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது.

அதனால்தான் தெருச் சண்டை வழக்குகளில் 294(பி), 323, 506(2) மூன்றும் சேர்ந்தே வரும். இப்போது 296(பி), 115(2), 351(3). பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினான், அடித்தான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். திட்டியது போலீஸ் நேரடியாக எடுக்கக்கூடிய குற்றம். ஒன்று அப்படி இருந்தால் முழு வழக்கையும் அப்படியே எடுக்கலாம். உங்கள் புகாரில் "அறைந்தான்" என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். அவன் என்ன சொல்லித் திட்டினான், யார் யார் காதில் விழுந்தது என்பதையும் நடந்தபடி எழுதிக் கொடுங்கள். நடக்காததைச் சேர்க்காதீர்கள். அதுதான் பின்னால் காலை வாரும்.

10 பிப்ரவரி

"ஒரு அறைக்கு இவ்வளவு அலப்பறையா" என்று ஒருவர். அவர் அறை வாங்கியதில்லை போலிருக்கிறது.

குற்றப்பத்திரிகைகளில் "முன்விரோதம் காரணமாக" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைத் தாண்டி யாரும் கேட்பதில்லை. நான் வழக்குக் கட்டுகளை அடுக்கும்போது உட்கார்ந்து படிப்பேன். பின்னால் போய்ப் பார்த்தால் நிலத் தகராறு, பணத் தகராறு என்று வருவது குறைவு. பேனரைக் கிழித்தது. சாவு ஊர்வலத்தில் ஆடும்போது காலை மிதித்தது. "வாடா" என்று கூப்பிட்டது. தங்கச்சி பெயரைச் சொன்னது. எல்லாமே நாலு பேர் பார்க்க நடந்தவை. தனியாக வாங்கிய அடிக்கு யாரும் அரிவாள் எடுத்து நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருக்கிற அடிக்குத்தான் எடுக்கிறார்கள்.

அடிபட்டவனுக்கு வலி மறுநாளே போய்விடும். அந்தக் கடைக்குத் திரும்பப் போக முடியாது என்பதுதான் மிச்சம் இருக்கும். டீக்கடைக்குப் போக முடியாதவன் தெருவிலேயே இருக்க முடியாது. இருபது வயதுப் பையனுக்கு வேறு எங்கே இடம்?

10 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. இப்போது பார்த்தவர்கள் என்றால் கடையில் இருந்த எட்டுப் பேர் மட்டும் இல்லை. எவனாவது செல்போனில் எடுத்திருந்தால் பாட்டு சேர்த்து ரீல்ஸாகப் போட்டிருப்பான். முன்பெல்லாம் அவமானம் நாலு நாளில் பழசாகிவிடும். இப்போது ஆறு மாதம் கழித்தும் எவனாவது அதை ஸ்டேட்டஸில் வைக்கிறான், அன்றைக்குத்தான் அடி வாங்கியது போல மறுபடி எரிகிறது. வீடியோ இருக்கிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். இருந்தால் புகாரோடு கொடுங்கள், அது சாட்சி. யார் போட்டார்களோ அவர்கள் வீட்டுப் பெரியவரிடம் சொல்லி எடுக்க வையுங்கள். எனக்கு இது எஃப்.ஐ.ஆரை விட அவசரமாகப் படுகிறது.

13 பிப்ரவரி

"போலீஸ் ஒழுங்காக இருந்தால் ஒருத்தனும் கத்தி எடுக்க மாட்டான்" என்று எழுதியவருக்கு.

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழக்கு நடக்கிறபடி நடந்தாலே சில ஆபத்துகள் கூடவே வருகின்றன. அதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஆபீசுக்கு ஒரு அம்மா வந்தார். மகன் கொலை முயற்சி வழக்கில் உள்ளே இருந்தான். எதிர்த்தரப்புப் பையனுக்குத் தோளில் வெட்டு. ஜாமீன் கிடைத்தது, தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. ஜாமீன்தாரர்களின் வீட்டு வரி ரசீதையும் ஆதாரையும் நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா உத்தரவு நகலை எடுத்து அந்த வரியில் விரல் வைத்தார். "தம்பி, நேரத்தை மட்டும் எடுத்துட முடியாதா? பத்தரைன்னா அவனுங்களுக்கும் தெரியும்ல" என்றார்.

ஆபீசில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. சட்டம் படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தோம். மீன் கூடை தூக்குகிற அந்த அம்மாவுக்குத்தான் தெரிந்தது, தன் மகன் தினம் எந்த நேரத்தில் எந்த ரோட்டில் போவான் என்பதை கோர்ட்டே ஊருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது என்று. தமிழ்நாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வழியிலும் வாய்தாவுக்கு வரும் வழியிலும் வெட்டுப்பட்டவர்களைப் பற்றிப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

வக்கீல் மனு போட்டார். கையெழுத்தை வெளியூர் ஸ்டேஷனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பையன் திருச்சியில் தங்கினான். வாய்தாவுக்கு மட்டும் வருவான், ஒவ்வொரு முறையும் வேறு வண்டி, வேறு ஆள். கோர்ட் வராந்தாவில் கேட்டைப் பார்த்தபடிதான் உட்காருவான். டீ வாங்கிக் கொடுத்தால் கையில் வைத்திருப்பான், குடிக்க மாட்டான்.

எதிர்த்தரப்புக்கு அவன் கிடைக்கவில்லை. அதனால் அவனுடைய பெரியம்மா மகனை வெட்டினார்கள். ஐஸ் கம்பெனியில் வேலை செய்தவன். ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்து லாரியில் ஏற்றுகிற வேலை. முதல் சண்டை நடந்த அன்றைக்கு அவன் ஊரிலேயே இல்லை, அந்தப் பையன்களில் ஒருத்தனைக் கூட அவனுக்கு முகம் தெரியாது. தடுக்கக் கையை நீட்டியதில் வலது கையில் இரண்டு விரல் போனது. அப்புறம் கொக்கியைப் பிடிக்க முடியவில்லை.

"திரும்ப ஒரு அறை, கணக்கு முடிந்தது" என்று கேள்வியில் இருக்கிறதே, அந்த வரிக்கு என் பதில் இதுதான். திரும்ப வருகிற அடி அடித்தவனைத் தேடித்தான் வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. யார் சுலபமாகக் கிடைக்கிறானோ அவனுக்கு வரும். உங்கள் வீட்டில் சுலபமாகக் கிடைக்கிறவர் யார் என்று யோசியுங்கள். நீங்களாகவே இருக்கலாம்.

14 பிப்ரவரி

பாகூர் நண்பர் ஒருவர், புதுச்சேரி எல்லைக்குப் போய்விட்டால் போலீஸ் ஒன்றும் செய்ய முடியாது என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. கடலூர் மாவட்டம் ரெட்டிச்சாவடியில் பதிவான வழக்குக்கு புதுச்சேரியின் கன்னியக்கோயிலில் ஆளைப் பிடிக்கலாம், பிடித்தும் இருக்கிறார்கள். ஆனால் நேரம் ஆகும். அவர்கள் பக்கம் கிருமாம்பாக்கம் ஸ்டேஷன், இந்தப் பக்கம் வேறு மாநிலம், வேறு அதிகாரிகள். எல்லையில் இருக்கிற முள்ளோடைக்கு அந்தப் பக்கம் குடித்துவிட்டு வரும்போது ஆரம்பித்த சண்டை எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்று பேசியே ஒரு ராத்திரி போய்விடும். கூட்டாளிகளுக்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

18 பிப்ரவரி

தேவனாம்பட்டினத்துக்காரர் எழுதியது நல்ல கேள்வி. "எங்க ஊர்ல பஞ்சாயத்து உட்கார்ந்தா ஒரே சாயந்திரத்துல முடிஞ்சிடும். அதை ஏன் சொல்லல?"

சொல்லத்தான் வேண்டும். மீனவ கிராமங்களில் நாட்டார் முறை, அதாவது ஊர்த் தலைவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்கிற பஞ்சாயத்து, சாதாரண விஷயம் இல்லை. பிராது, அதாவது புகார், கொடுப்பார்கள், இரண்டு தரப்பையும் கோயில் திடலுக்குக் கூப்பிடுவார்கள், ஊர் கூடியிருக்கும். தப்பு யார் மேல் என்று முடிவானால் அபராதம், ஊர் முன்னால் விழுந்து மன்னிப்பு. அபராதப் பணம் கோயிலுக்கும் ஊர்ப் பொதுவுக்கும் போகும். அடித்தவன் ஊர் பார்க்கக் கீழே விழுகிறான் இல்லையா, அடி வாங்கியவனுக்கு அங்கேதான் மனசு ஆறுகிறது. கோர்ட்டில் அது கிடைக்காது. மூன்று வருஷம் கழித்து ஆயிரம் ரூபாய் அபராதம் என்று நீதிபதி வாசிக்கும்போது அந்த டீக்கடை ஆள் ஒருத்தனும் அங்கே இருக்க மாட்டான்.

2004 சுனாமிக்குப் பிறகு பல கிராமங்களில் நிவாரணப் பட்டியலே இந்தப் பஞ்சாயத்து வழியாகத்தான் போனது. அவ்வளவு பலம்.

அதே பலம்தான் பயமும். பெண் கொடுத்த பிராதைப் பெண் இல்லாத கூட்டம் தீர்க்கிறது. முடிவை ஏற்காதவனை ஊர் விலக்கு செய்தால் கடையில் சாமான் தர மாட்டார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள், அவனோடு பேசியவனுக்கும் அபராதம். அப்படி ஒதுக்கி வைத்த குடும்பத்துக்காகக் கலெக்டர் ஆபீஸ் மனு எழுதியிருக்கிறேன். சின்னப் பிள்ளையை மற்ற பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்கவில்லை என்று அந்தத் தகப்பன் சொன்னதை மனுவில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எதற்காகவும் ஒரு வீட்டை அப்படிச் செய்யக்கூடாது.

19 பிப்ரவரி

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. நாட்டார் முறை ஊருக்குள் மட்டும்தான் ஓடும். சண்டை இரண்டு ஊருக்கு நடுவில் என்றால் இரண்டு பேரும் மதிக்கிற பெரியவர் என்று ஒருத்தர் இருக்க மாட்டார்.

சுருக்குமடி வலையைப் பாருங்கள், மீன் கூட்டத்தையே வளைத்து அடியில் சுருக்கி அள்ளுகிற பெரிய வலை. தமிழ்நாடு 2000லேயே தடை போட்டது. ஆனாலும் அந்த வலையை வைத்து 2018ல் தேவனாம்பட்டினத்துக்கும் சோனாங்குப்பத்துக்கும் மோதல் வந்து உயிர் போனது. 2021 ஆகஸ்டில் புதுச்சேரிப் பக்கம் நல்லவாடும் வீராம்பட்டினமும் மோதிக்கொண்டபோது போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டி வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. அத்தனை வருஷம் கரையில் இருந்தவர்கள் எதை வைத்துத் தீர்த்துக்கொள்வார்கள்? அவன் வலையைப் பிடித்தால் இவன் படகை மறிக்கிறான். மேலே தீர்ப்பு வருகிற வரைக்கும் கீழே ஒவ்வொருத்தனும் தன் தீர்ப்பை எழுதிக்கொண்டிருந்தான்.

19 பிப்ரவரி, இரவு

நாட்டார் முறையையும் கட்டப் பஞ்சாயத்தையும் ஒன்றாகப் பேசாதீர்கள். கட்டப் பஞ்சாயத்துக்காரன் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறான். சண்டை தீர்ந்தால் அவனுக்கு வருமானம் போய்விடும். அதனால் தீர்த்து வைக்கிற மாதிரி ஒரு பக்கத்தை அடக்கி வைப்பான், ஆறு மாதம் கழித்து அடுத்த பக்கத்துக்கு ஆள் கொடுப்பான். கேள்வி கேட்ட வாசகரிடம் இந்நேரம் ஒருத்தன் வந்திருப்பான். "அண்ணன்கிட்ட சொல்றேன்" என்பான். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

27 பிப்ரவரி

ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். குண்டர் சட்டத்தில் போட்டால் அடங்கிவிடுவார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 1982ஆம் வருஷத்துச் சட்டம், அதிகபட்சம் 12 மாதம். அந்த 12 மாதத்தில் வெளியே இருக்கிறவனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடலூர் கேப்பர் மலை சிறைக்கு உள்ளே போகிற பையன் வெளியே வரும்போது அவனுக்கு முன்பு இல்லாத நாலு "அண்ணன்கள்" சேர்ந்திருப்பார்கள். டீக்கடைச் சண்டையாக உள்ளே போனது, கோஷ்டிச் சண்டையாக வெளியே வரும்.

நினைவு நாள் போஸ்டர்களையும் சொல்ல வேண்டும். கொலையானவனின் படம் போட்டு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, கீழே தம்பிகள் பெயர் வரிசையாக. அந்த வரிசையைப் பார்த்தாலே அடுத்து யார் மேல் வழக்கு வரும் என்று கோர்ட்டில் பழையவர்கள் சொல்வார்கள். அந்த நாள் நெருங்கும்போது எதிர்த்தரப்பு வீட்டில் ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். பாட்டியும் பிள்ளைகளும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். இறந்தவனுக்கும் ஒரு அம்மா உண்டு. அவரிடம் யாராவது கேட்டார்களா, மகன் நினைவு நாளன்று இன்னொரு பிணம் வேண்டுமா என்று? நான் பேசிய அம்மாக்களில் ஒருவர் கூட வேண்டும் என்று சொன்னதில்லை.

2 மார்ச்

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோவில் 2000ஆம் வருஷம் கேரி ஸ்லட்கின் என்ற டாக்டர் ஆரம்பித்தது. தொற்றுநோய்களில் வேலை பார்த்தவர். துப்பாக்கிச் சூடும் ஒன்றிலிருந்து அடுத்தது என்று தொற்றுவதைப் பார்த்து, பரவும் இடத்தில் குறுக்கே ஆள் நிறுத்தலாம் என்று நினைத்தார். அந்த ஆட்கள் போலீஸ் இல்லை. அதே தெருவில் வளர்ந்தவர்கள், சிலர் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள். ஒருத்தனுக்குக் குண்டடி பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால் அவன் சொந்தக்காரர்களும் கூட்டாளிகளும் வெளியே நிற்கும்போதே போய்ப் பேசுவார்கள். முடிவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன, எல்லா இடத்திலும் பலித்தது என்று சொல்ல முடியாது.

ஆனால் போகிற நேரம் சரி. நம் ஜி.எச். அவசரப் பிரிவு வாசலில் ராத்திரி பத்து மணிக்கு நிற்கிற பையன்களைப் பாருங்கள். ஒருத்தன் போனில் ஆள் திரட்டுகிறான், ஒருத்தன் அழுகிறான், ஒருத்தன் பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிறான். அந்த நேரத்தில் அங்கே போய் "வண்டியை ஆஃப் பண்ணு" என்று சொல்ல உரிமை உள்ளவர் யார்?

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்து வேலையை விட்ட பெரியவர். எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது வாலிபால் கிரவுண்டில் ஒரு பையன் இன்னொருத்தனை இரண்டு டீமும் பார்க்க அறைந்தான். அன்று இரவே உருட்டுக்கட்டை சேர ஆரம்பித்தது. பெரியவர் அறை வாங்கியவன் வீட்டுக்குப் போனார். அவனிடம் பேசவில்லை. அவன் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார், வலை விலை, ஐஸ் விலை எல்லாம் பேசினார். கிளம்பும்போதுதான் அவனிடம், "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் எனக்குக் குடுடா" என்றார். மன்னிச்சுடு என்றோ விட்டுடு என்றோ சொல்லவில்லை. கேட்டது ஒரு நாள். அவருக்கு ஒரு நாள் கொடுப்பதில் எந்தப் பையனுக்கும் அவமானம் இல்லை.

அப்புறம் அடித்தவன் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது. மறுநாள் அதே கிரவுண்டில், அதே நேரத்தில், அதே இரண்டு டீமும் நின்றோம். அடித்தவன் வந்து "கை வச்சது தப்பு" என்றான். சத்தம் போதவில்லை என்று பெரியவர் இன்னொரு முறை சொல்ல வைத்தார். பந்தை எடுத்து அறை வாங்கியவன் கையில் கொடுத்து முதல் சர்வீஸை அவனைப் போடச் சொன்னார். அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் இன்றுவரை நண்பர்கள் இல்லை. ஒருத்தன் கல்யாணத்துக்கு இன்னொருத்தன் போகவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது.

3 மார்ச்

"அந்த மாதிரிப் பெரியவர்கள் இப்போ எங்கே இருக்காங்க" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். இருக்கிறார்கள். வாலிபால் கோச், ஆட்டோ ஸ்டாண்டில் மூத்தவர், சத்துணவுக் கூடத்து அம்மா. அந்தப் பையன்கள் சின்ன வயசில் யார் கையில் சாப்பிட்டார்களோ அவர்கள் சொன்னால் நிற்பார்கள். பெண்கள் போய்ப் பேசினால் எடுபடாது என்று ஒருவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. கட்டை எடுத்தவனை அவன் அத்தை வாசலில் மறித்து உட்கார வைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கூப்பிடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

13 மார்ச்

நேற்று மாசி மகம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நல்ல கூட்டம். சாமிகள் வரிசையாக வந்தன. முன்னால் ஆடுகிற பையன்களுக்கு நடுவில் இரண்டு இடத்தில் தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. இரண்டு முறையும் மேளக்காரர் நடுவில் வந்து நின்று வாசித்தார், பையன்கள் விலகினார்கள். போலீஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இழைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

கேள்வி கேட்ட வாசகர் தனியாகத் தகவல் அனுப்பியிருந்தார். எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். தம்பி சிதம்பரத்தில் இருக்கிறான். வீடியோவை எடுத்துவிட்டார்கள். அந்தப் பையனின் மாமா பேச ஒத்துக்கொண்டிருக்கிறார், வீட்டுக்கு வந்து வருத்தம் தெரிவிக்கிறோம் என்கிறாராம். வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்குள் சொல்கிற வருத்தம் உங்கள் அப்பாவுக்குப் போதும், தம்பிக்குப் போதாது. அதே டீக்கடையில் வந்து சொல்லச் சொல்லுங்கள்.

15 மார்ச்

சமாதானம் ஆகிவிட்டால் வழக்கை இங்கேயே முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் எனக்கு ரொம்ப நாளாக ஆத்திரம். அடித்ததற்கான 115(2)ஐ அடி வாங்கியவர் சம்மதித்தால் சமரசமாக முடிக்கலாம். மிரட்டலையும் முடிக்கலாம். ஆனால் 296, அந்தத் திட்டிய பிரிவு, சமரசப் பட்டியலில் இல்லை. எஃப்.ஐ.ஆர். போட வைத்த அதே பிரிவு இப்போது வழக்கை முடிக்க விடாமல் நிற்கிறது. இரண்டு குடும்பமும் கைகுலுக்கினாலும் ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கடலூருக்கும் அதுதான், புதுச்சேரிக்கும் அதுதான். வக்கீல் ஃபீஸ், பஸ், ஒரு நாள் கூலி. அந்தச் செலவுக்குப் பயந்து பலர் வழக்கை அப்படியே விட்டுவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறார்கள். அதுவரை வருஷக்கணக்கில் இரண்டு பையன்களும் ஒரே வாய்தாவுக்கு ஒரே வராந்தாவில் வந்து நிற்க வேண்டும். ஆறின சண்டை அங்கே மறுபடி சூடாகிறது.

டீக்கடையில் தீர்ந்த வழக்கை மஞ்சக்குப்பத்திலேயே முடிக்க சட்டத்தில் இடம் கொடுக்க வேண்டும். வக்கீல்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் சங்கத்தில் இதை எழுப்புங்கள். வாசகருக்கு: சமாதானம் ஆனதும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட கடிதம், எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். நகல் மூன்றையும் எடுத்து வாருங்கள். சென்னை மனுவுக்கு என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.